மல்லாட்டைக்காரன் வண்டிக்கு வெளிச்சம் கூட்டியது

புதிதாக ஷெட் வைத்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் என்னிடம் வந்து, பழைய வண்டிக்கு லைட் வெளிச்சத்தைக் கூட்டுவது எப்படி என்று கேட்கிறீர்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எவனாவது வந்து வெளிச்சம் போதவில்லை என்றால் உடனே பெரிய பல்பைக் கையில் எடுக்கிறீர்கள். அது கொஞ்ச நாள் பளிச்சென்று எரியும். அப்புறம் பேட்டரி சாகும், ஸ்விட்ச் உருகும், வண்டிக்காரன் உங்கள் ஷெட் வாசலில் நின்று கத்துவான். கத்தட்டும். உங்களுக்கு நன்றாக வேண்டும்.

பல்பைத் தொடுவதற்கு முன்னால் சந்தேகப்படுங்கள். லைட்டுக்குள் இருக்கிறதே கிண்ணம், டூம், அதைச் சந்தேகப்படுங்கள். அது கறுத்துக் கிடந்தால் எந்தப் பல்பு போட்டும் பயனில்லை. எர்த்தைச் சந்தேகப்படுங்கள். பழைய வண்டிகளில் அது ஹேண்டில்பார் பேரிங்கில் இருக்கும் கிரீஸ் வழியாகத் தட்டுத் தடுமாறித்தான் வந்து சேரும். ஒயரைச் சந்தேகப்படுங்கள். பிறகு வண்டிக்காரனை. அதெல்லாம் முடிந்தபிறகு உங்கள் சொந்தக்காரனை. கடைசியாகச் சொன்னேனே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றதெல்லாம் நீங்களே அடிபட்டுத் தெரிந்துகொள்வீர்கள்.

இரண்டாவது உலகச் சண்டைக்கு முந்தின காலம். வில்லியனூரில் கடைத்தெருவுக்குப் பின்னால் என் ஷெட். நாங்கள் புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் குடிகள். மேற்கே கொஞ்சம் நடந்தால் இங்கிலீஷ்காரன் ஊர் வரும். அதைத் தாண்டினால் மறுபடியும் நம் ஊர். ஒரே வரப்பில் ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே. இந்தப் பக்கம் கப்பலில் வந்து இறங்கும் சீமைச் சாராயத்துக்கும் பட்டுக்கும் கைக்கடிகாரத்துக்கும் அந்தப் பக்கம் வரி அதிகம். அதனால் கரும்புக்குள் புகுந்து தலைச்சுமையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். அதை யாரும் திருட்டு என்று சொல்லமாட்டார்கள். சரக்கு போடுவது என்பார்கள். என் தங்கை அஞ்சலையின் புருஷன் கலியன் அதில் ஒருவன். பகலில் கரும்பு வெட்டுவான். மழை பொய்த்து வெட்டு வேலை இல்லாத நாட்களில் சரக்கு போடுவான்.

அப்படிப்பட்ட ஒரு கோடையில் ஒருத்தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தான். ஓடி ஓடித் தேய்ந்த இங்கிலீஷ் வண்டி. மடித்துக் கட்டிய வேட்டி, சட்டை, தோளில் துண்டு.

"மதகடிப்பட்டுல மல்லாட்டை யாவாரம்ங்க. பொழுது போயி திரும்பறப்ப ரோடே தெரியல. லைட்ட கொஞ்சம் தூக்கிக் குடுங்க" என்றான்.

"எம்மாந்தூரம் தெரியணும்?"

"தூரம் கெடக்கட்டும். ரெண்டு பக்கமும் தெரியணும். லைட்ட மட்டும் தனியா சைடுல திருப்பறாப்பல வெக்க முடியுமா?"

ரோட்டில் போகிறவனுக்கு முன்னால் தெரிந்தால் போதும். பக்கத்தில் என்ன இருக்கிறது? கரும்புதான் இருக்கிறது. கரும்புக்குள் லைட் அடிக்கிற வேர்க்கடலை வியாபாரியை நான் பார்த்ததில்லை. குனிந்து வண்டியைப் பார்ப்பது போல அவன் காலைப் பார்த்தேன். முழங்காலும் பாதமும் வெயிலில் கருத்திருந்தன. கெண்டைக்கால் மட்டும் வெளுத்திருந்தது. தினமும் காக்கி உடுப்பு போட்டுக் காலில் துணிப்பட்டி சுற்றுகிறவனுக்குத்தான் அப்படி இருக்கும்.

இருந்தாலும் கேட்டுப் பார்த்தேன். "இந்த வருசம் மல்லாட்டை எப்பிடிங்க?"

"அமோகம்ங்க. நல்ல வெளைச்சல்."

அந்த வருஷம் கம்பளிப்பூச்சி விழுந்து சுற்று வட்டாரத்து மல்லாட்டைக் கொல்லை முழுக்க மொட்டையாக நின்றது. இலை ஒன்று பாக்கியில்லை. ஆடு மேய்க்கிறவனுக்குக்கூட அது தெரியும்.

முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். சொன்னால், எனக்கு எல்லாம் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். நாளைக்கே என் பெயர் அந்தப் பக்கத்துச் சுங்கச் சாவடியில் அடிபடும். ஸ்பேர் வாங்க விழுப்புரம் போகிற ஒவ்வொரு தடவையும் என் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். இதையெல்லாம் கணக்குப் போட்டு, "சைடுல திருப்பறதெல்லாம் ஆவாது. ஹேண்டில் திரும்பினா லைட்டும் திரும்பும், அவ்ளோதான். வெளிச்சம் கூட்டித் தரேன். வுட்டுட்டுப் போங்க" என்றேன்.

அவன் தெரு முனை தாண்டுவதற்குள் கலியன் வந்துவிட்டான்.

"மச்சான், அந்த வண்டி யாருதுன்னு தெரியுமா?"

"மல்லாட்டைக்காரன் வண்டி."

"அவன் மல்லாட்டைக்காரன்னா நான் கவர்னரு. இங்கிலீஷ் சாவடி ஆளு மச்சான் அவன். அன்னிக்கி ஏரிக்கரையில எங்கள தொரத்தினவன் அவன்தான். லைட்டு மின்மினிப்பூச்சி மாரி இருந்துது, தப்பிச்சோம். நீ அத்த சூரியனாக்கிக் குடுக்கப் போறியா?"

"வேலைக்கு வந்த வண்டி. செஞ்சித்தான் குடுக்கணும்."

"செய்யி. யாரு வேணான்னா? பாதியில அணைஞ்சி போறாப்பல செய்யி."

"ஏரிக்கரையில வேகமா வரப்ப அணைஞ்சா இன்னா ஆவும்?"

"தண்ணில வுழுவான். குளிச்சிட்டு வூட்டுக்குப் போவான்."

"ஒரு பக்கந்தாண்டா தண்ணி. இன்னொரு பக்கம் மதகுக் கல்லு. மண்ட ஒடைஞ்சி செத்தா?"

"சாவட்டும். நாங்க மாட்டினா மட்டும் பாயாசமா ஊத்துவான்? கடலூர் ஜெயில்ல களிதான் போடுவான்."

"நீ மாட்டாம இருக்கணும்னா போவாம இரு. நான் திருப்பற ஸ்குரூவுல ஒருத்தன் சாவக்கூடாது."

"பெரிய ஸ்குரூ" என்று சொல்லிவிட்டுப் போனான். போகிற போக்கில் அந்த வண்டியின் டயரை ஒரு உதை உதைத்தான்.

வேலையை விவரமாகச் சொல்லப் போவதில்லை. டூமைக் கழற்றிப் புதுச்சேரியில் பாத்திரத்துக்கு வெள்ளி முலாம் பூசுகிறவரிடம் கொடுத்தேன். எர்த்துக்குத் தனி ஒயர் இழுத்தேன். ஸ்விட்சிலிருந்து லைட்டுக்குப் போகும் ஒயரைத் தடிமனாகப் போட்டேன். டைனமோ தாங்குகிற அளவுக்கு, கடைசியில்தான், கொஞ்சம் பெரிய பல்பு. பழைய பல்பையே போட்டிருந்தாலும் வெளிச்சம் பாதிக்குப் பாதி கூடியிருக்கும்.

அந்த நாட்களில் கலியன் எனக்குச் சோறு கொண்டுவந்தான். வழக்கமாக அஞ்சலைதான் கொண்டுவருவாள். கோபித்துக்கொண்டு போனவன் சமாதானத்துக்கு வருகிறான் என்று நினைத்தேன். பக்கத்தில் குந்திக்கொண்டு, "இது எங்க போவுது மச்சான்? இது அறுந்தா இன்னா ஆவும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். யாரோ முகம் தெரியாதவன் அப்படிக் கேட்டிருந்தால் ஷெட்டை விட்டே துரத்தியிருப்பேன். இவனுக்குச் சொன்னேன். கை கழுவப் போனபோது இவனை வண்டியோடு விட்டுவிட்டும் போனேன்.

எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு. பிரேக்கைத் தொட்டவனும் லைட்டைத் தொட்டவனும் வண்டியை முதலில் தானே ஓட்டிப் பார்க்க வேண்டும். ஷெட் சுவரில் லைட் அடித்துப் பார்ப்பதெல்லாம் பார்ப்பதில் சேர்த்தி இல்லை. வண்டிக்காரன் எந்த வழியில் போவானோ அந்த வழியில் ஓட்ட வேண்டும். நீங்கள் இப்போது அதைச் செய்வதில்லை. கேட்டால் நேரமில்லை என்கிறீர்கள்.

பொழுது சாய்ந்து கண் மங்குகிற நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு ஊசுட்டேரிக் கரைக்குப் போனேன். வெளிச்சம் அருமையாக இருந்தது. கரைக்குக் கீழே கரும்புத் தோகை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. நேர்க் கரையில் வேகத்தைக் கூட்டினேன். மதகுக்குப் பக்கத்தில் கரை வளைகிறது. ஹேண்டிலைத் திருப்பினேன். லைட் போய்விட்டது.

மங்கலில் கூட ஏதோ கொஞ்சம் தெரியும் என்பீர்கள். தெரியாது. அவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு எதுவுமே தெரியாது. பிரேக்கை மிதித்து, இரண்டு காலையும் மண்ணில் தேய்த்து, வண்டியைச் சாய்த்துப் போட்டேன். கண் பழகினபிறகு பார்த்தால் முன்சக்கரம் மதகுக் கல்லுக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்றது. முட்டி கிழிந்து ரத்தம் ஓடியது.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். ஈயப் பற்று சரியாக வைக்கவில்லையோ, ஸ்குரூ தளர்ந்ததோ என்று. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்கு வந்து, லாந்தரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் பற்று அப்படியே இருந்தது. ஹேண்டில் திரும்புகிற இடத்தில், நான் புதிதாகப் போட்ட ஒயரின் மேல்துணி கீறியிருந்தது. உள்ளே செம்பு இழைகளைக் கத்தியால் நறுக்கி, ஒன்றிரண்டை மட்டும் விட்டு, துணியை மறுபடி மூடி நூலால் சுற்றியிருந்தது. நேராகப் போகும்வரை எரியும். வளைவில் திருப்பினால் அறும். வளைவில்தான் வெளிச்சம் வேண்டும்.

இது அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டவன் ஒருவன்தான்.

புது ஒயர் போட்டேன். போட்டுவிட்டு நேராகக் கலியன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அஞ்சலை என் முட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா ரத்தம்?" என்று பதறினாள்.

"உம் புருசன கேளு."

கலியன் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. என் முட்டியைப் பார்த்தான். அவன் முகம் ஒரு நிமிஷம் வெளுத்தது உண்மை. "நீ ஏன் மச்சான் ஓட்டின?" என்றான்.

"ஓட்டாம குடுப்பனாடா? மதகுக் கல்லுல மோதி இருந்தா இன்னிக்கு எனக்குப் பாடை கட்டியிருப்ப நீ."

"ஒனக்குன்னா பண்ணேன்?"

"யாருக்குப் பண்ணாலும் கல்லு ஒண்ணுதான். ஒயர மாத்திட்டேன். நாளைக்கு அவன் வண்டிய எடுத்துக்கினு போறான். லைட்டு எரியும். வளைவுல எரியும், பள்ளத்துல எரியும், எங்கயும் எரியும். கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போவாத."

கலியன் சிரித்தான். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சிரிப்பு எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. "கண்டுபுடிச்சிருப்ப. அதுல நீ கெட்டிக்காரன். மாத்தியிருக்க மாட்ட" என்றான்.

"மாத்திட்டன்றேன்."

"வாயில இப்பிடித்தான் பேசுவ. அஞ்சலைக்குக் கல்யாணம் வாணாம், இவன் மூஞ்சியே சரியில்லன்னு சொன்னவன் நீ. மொதோ ஆளா நின்னு பந்தக்காலு நட்டதும் நீதான். போ மச்சான், போயி முட்டிக்கு மஞ்ச வெய்யி."

அஞ்சலை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். 

மறுநாள் பொழுது சாயும்போது மல்லாட்டைக்காரன் வந்தான். லைட்டைச் சுவரில் அடித்துக் காட்டினேன். சுவரைப் பார்க்கவில்லை, என் முட்டியைப் பார்த்தான்.

"வுழுந்தீங்களா?"

"ஓட்டிப் பாக்கறப்ப."

"லைட்ட வேற யாரும் தொடலியே?"

"இப்ப நல்லா இருக்குது."

"இப்பன்னா?"

"இப்பன்னா இப்ப. நம்பிக்கை இல்லாட்டி இங்கயே வுட்டுட்டுப் போங்க."

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தான். பிறகு, "நீங்க ஓட்டுங்க. நான் பின்னால குந்திக்கறேன். மதகு வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றான். எங்கே ஓட்டச் சொல்ல வேண்டும் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது. ஓட்டினேன். முந்தின நாள் விழுந்த வளைவில் அவன் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. லைட் எரிந்துகொண்டே இருந்தது. திரும்பி வந்து இறங்கினபோதுதான் தோளை விட்டான்.

"நல்ல வேலை" என்றான்.

"மல்லாட்டைக் கொல்லைய கம்பளிப்பூச்சி தின்னு ரொம்ப நாளாச்சுங்க" என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவன் முகம் மாறவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான்.

அதற்கு அடுத்த நாளே கலியன் மாட்டிக்கொண்டான். கூடப் போனவர்கள் சுமையைப் போட்டுவிட்டு ஓடித் தப்பித்து வந்துவிட்டார்கள். இவன் ஒருவன் மட்டும் பிடிபட்டான். அதுதான் எனக்கு விளங்கவில்லை. அவர்களில் நன்றாக ஓடுகிறவன் இவன்தான். விடிந்ததும் என் ஷெட் கதவில் சாணி அப்பியிருந்தது. அதற்கப்புறம் வெகு நாள் ஊர்க்காரன் எவனும் சைக்கிள் பஞ்சர் ஒட்டக்கூட என்னிடம் வரவில்லை.

அஞ்சலை வந்தாள். அழுது முடித்துவிட்டு வந்த முகம்.

"நீ சொன்ன. நானும் கேட்டுக்கினுதான் இருந்தேன். அதுல உம்மேல தப்பு இல்ல" என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ அந்த ஒயர அப்பிடியே வுட்டிருந்தா, அவன் கல்லுல மோதி செத்திருந்தா, எம் புருசன் இன்னிக்கு வூட்ல இருந்திருப்பானா?"

"இருந்திருப்பான்" என்றேன்.

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம் என்று உங்களில் சிலபேர் நினைப்பீர்கள். என்ன சொல்வது? அதுதான் உண்மை. அவள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். அவன் உள்ளே இருந்த வரைக்கும் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் கொடுத்தனுப்பிய நெல்லையும் திருப்பி அனுப்பினாள்.

இதைப் படித்துவிட்டு, சாவடிக்காரன் நல்லவன், சரக்கு போடுகிறவன் கெட்டவன் என்று நான் சொல்வதாக நினைத்தால் உங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. அந்த ஆளை எனக்குக் கடைசிவரை பிடிக்கவே இல்லை. இங்கிலீஷ்காரன் வரிக்காக எங்கள் பிள்ளைகளைத் துரத்துகிறவன் அவன். பிடிக்காவிட்டால் வாசலிலேயே முடியாது என்று சொல்லி அனுப்ப வேண்டும். அதனால் வரும் தொல்லையைப் பட்டுக்கொள்ள வேண்டும். வண்டியை உள்ளே ஏற்றிவிட்டால் அப்புறம் அதில் ஏறப்போகிறவன் யார் என்ற பேச்சே கிடையாது. லைட் எரிய வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொன்று. முகம் தெரியாதவன் வந்தால் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறீர்கள். சோறு கொண்டுவருகிற சொந்தக்காரனை வண்டியோடு தனியாக விட்டுவிட்டுக் கை கழுவப் போகிறீர்கள். போகாதீர்கள். அவன் கெட்டவன் என்பதற்காக இல்லை. அவனுக்கு வேறு கவலை இருக்கும். அந்தக் கவலை உங்கள் ஒயரில் கை வைக்கும்.

கலியன் வெளியே வந்ததும் முதலில் வீட்டுக்குப் போனான். அப்புறம் ஷெட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான், தலையை மொட்டை அடித்திருந்தார்கள். நான் ஒரு வண்டியின் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குந்தினான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. எனக்குத்தான் கோபம் அடங்கவில்லை.

"மத்தவன்லாம் ஓடிட்டான். ஒனக்கு இன்னாடா கால்ல முள்ளா? ஓட வேண்டியதுதான?"

"கரும்புல இருந்து வரப்புக்கு ஏறனேன் மச்சான். மூஞ்சில அடிச்சுது லைட்டு. வளைவுகிட்ட வந்துட்டான். இப்ப அணைஞ்சிடும், இப்ப அணைஞ்சிடும்னு நின்னுட்டேன்."

"மாத்திட்டேன்னு வூட்டுக்கு வந்து சொன்னேனேடா. அப்புறமும் அந்த அறுந்த ஒயர நம்பிக்கினா நின்ன?"

"ஒயர இல்ல மச்சான்" என்றான். "உன்ன நம்பி நின்னேன்."